யாரைக் கேட்டுச் செத்தான்?

தெல்தோட்டைக்கு மேலே மொட்டப்பாறைத் தோட்டத்தில் பழனியாண்டியைப் போலத் துரை வேஷம் கட்ட ஆள் கிடையாது. நிஜத் துரைக்கே அந்த வேஷம் அவ்வளவு பொருந்தவில்லை என்று கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொள்வார்கள். நிஜத் துரை குட்டை. குதிரையில் ஏற்றிவிட ஓர் ஆள், இறக்கிவிட ஓர் ஆள். பழனியாண்டியோ நெடுநெடுவென்று வளர்ந்தவன். முகத்தில் சுண்ணாம்பைப் பூசி, சாக்குச் சணலைப் பிரித்து மீசை ஒட்டி, அலவத்துகொட சாஹுல் ஹமீது நானாவிடம் வாங்கிய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு "ஏய்!" என்று ஒரு சத்தம் விட்டால், எதிரே வருகிறவன் கை தானாகச் சலாம் போட்டுவிடும். வேஷம் என்று தெரிந்த பிறகும் அந்தக் கை இறங்கச் சற்று நேரம் பிடிக்கும்.

ஊர்ப்பக்கத்தில் கூத்து என்றால் விளக்கேற்றினதிலிருந்து கோழி கூவும்வரை. ராசா வந்து தன் பெயரையும் பாட்டன் பெயரையும் பாடி முடிப்பதற்குள் பாதிச் சனம் தூங்கிவிடும். கோப்பித் தோட்டத்தில் அது நடக்குமா? விடியுமுன்னே ஆட்களை எழுப்பத் தப்புப் பறை அடித்துவிடுவார்கள். பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது கண் சொக்கி நின்றவனுக்கு அரைப் பேர். அதாவது, உடம்பு முழு நாளும் உழைக்கும், சம்பளம் பாதி நாளுக்கு எழுதப்படும். ஆகவே மொட்டப்பாறைச் சனங்கள் கூத்தைப் பிடித்து, கோப்பிச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதுபோல் வெட்டிவிட்டார்கள். ராசா போனார், ராணி போனாள், தர்பார் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு வாய் வெற்றிலை மென்று துப்பும் நேரத்து நாடகம்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வார அரிசி அளந்து போட்டு முடிந்ததும், கோப்பிக் கொட்டை காயப்போடும் சுண்ணாம்புத் தளத்தில் சனம் கூடும். மழை இறங்குவதற்குள் இரண்டு நாடகம். முதலில் அழுகை, பிறகு சிரிப்பு. அழுது மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தால்தான் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வரும் என்பது அவர்கள் கண்டறிந்த விஷயம்.

சிரிப்பு நாடகத்துக்கு மூன்றே பேர். பழனியாண்டி துரை. ராஜலிங்கம் கங்காணி. கறுப்பையா பிணம். கறுப்பையா படுத்திருப்பான், துரை பெரட்டுக்கு வந்து ஆள் எண்ணுவார்.

"ஓராளு கொறையுதே?"

"முனியன் தொரை. ராத்திரி செத்துட்டான்."

"போடு அரைப் பேரு!"

"செத்தவனுக்கு எப்படித் தொரை அரைப் பேரு?"

"நேத்துப் பாதி நாள் உசிரோடதானே இருந்தான்? அது கெடக்கட்டும். யாரைக் கேட்டுச் செத்தான்?"

அவ்வளவுதான் நாடகம். அந்தக் கடைசி வசனத்துக்குச் சனம் உருண்டு புரளும்.

அந்த வசனத்தை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. போன மழைக்காலத்தில் பழனியாண்டியின் மனைவி மூக்காயியின் அண்ணன் காய்ச்சலில் கிடந்தான். காலையில் நடந்தே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். அவன் விடியுமுன்னே லயத்திலேயே போய்விட்டான். பெரட்டில் விஷயம் சொன்னபோது நிஜத் துரை தமது உடைந்த தமிழில் கேட்டது அது. அன்றைக்கு ஒருவர் வாயிலும் பல் தெரியவில்லை. பழனியாண்டி கோட்டை மாட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னபோதுதான் சிரிப்பு வந்தது. மூக்காயியும் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லு" என்றாள்.

வினை ஒரு சுருட்டு உருவத்தில் வந்தது.

கூத்து நடுவில் யாராவது சன்மானம் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரைக் கூவி, மூன்று தரம் கும்பிட்டு, கடைசியாகச் சொன்ன வசனத்தை அவர் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்ல வேண்டும். அது ஊரிலிருந்து கப்பலேறி வந்த முறை. ராசா ராணியை வெட்டினவர்கள் இதை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜத் துரை குதிரையில் அந்தப் பக்கம் வந்தார். சனம் சிரிப்பதைக் கண்டு, தம்மைக் கண்டுதான் மகிழ்கிறார்கள் என்று எண்ணி, பாதி குடித்த சுருட்டைத் தளத்தில் எறிந்தார். ராஜலிங்கம் அதைப் பயபக்தியோடு எடுத்துக் கண்ணில் ஒற்றி, "நம்ம தோட்டத்துத் தொரை மனசு வந்து போட்ட சுருட்டு ஒண்ணு, ஆயிரம் பொன்னுக்குச் சமானம்!" என்று கூவினான். பழனியாண்டி மூன்று தரம் கும்பிட்டான். பிறகு முறை தவறாமல் துரையின் முகத்தை நேரே பார்த்து, துரையின் குரலிலேயே கேட்டான்:

"யாரைக் கேட்டுச் செத்தான்?"

குதிரைக்குக்கூட விளங்கியிருக்கும்.

*

கண்டியில் அப்போது 'தோட்டக் கூலிகளின் களிப்பை ஒழுங்குசெய்யும் சபை' என்று ஒன்று இருந்தது. கூலிகளுக்குக் களிப்பு உண்டு என்பதற்கு அதுவரை ஆதாரம் கிடைக்காததால் சபை கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. மொட்டப்பாறைத் துரையின் பிராது போனதும் அவர்கள் வாயெல்லாம் பல். மூன்று கூத்தாடிகளையும் கோட்டையும் கொண்டுவரச் சொல்லிச் சேவகன் கணபதியை அனுப்பினார்கள்.

மூக்காயி கைப்பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். "நீ உள்ள போனா மறுநாளே லயத்துக் காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நானும் புள்ளயும் கோப்பிச் செடிக்கு அடியிலயா படுக்கிறது? அங்க போயி வாயத் தொறக்காத. தொறந்தே, நானே ஒன்னைய உள்ள வச்சுருவேன்."

"நான் என்னா புள்ள பண்ணேன்? மொறையத்தானே செஞ்சேன்?"

"மொறையப் பாரு மொறைய!"

சேவகன் கணபதி கடுமையான ஆள். பாதி வழிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். பிறகு, "அது என்னாதான் நாடகம்? கொஞ்சமாச் செஞ்சு காட்டுங்க, குத்தம் எம்புட்டுன்னு பார்ப்போம்" என்றான். காட்டினார்கள். கணபதி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தலைப்பாகையைக் கழற்றி முகம் துடைத்தான். பேராதனைப் பாலத்தடியில் கோப்பி மூட்டை ஏற்றிய வண்டிக்காரர்கள் மாட்டுக்கு மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்கள். கணபதியே அவர்களைக் கூப்பிட்டு, "இங்க வாங்கய்யா, சர்க்கார் குத்தம் ஒண்ணு இருக்கு, பாத்துட்டுப் போங்க" என்றான். மாடு மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நாடகம் முடிந்தது. வண்டிகள் நாவலப்பிட்டிப் பக்கமும் மாத்தளைப் பக்கமும் பிரிந்து போயின. வசனமும் கூடவே போயிற்று.

*

சபையில் முதலில் கோட்டைத்தான் விசாரித்தார்கள். மேசைமேல் அதை விரித்துப் போட்டு, விற்றவர் என்று சாஹுல் ஹமீது நானாவை அழைத்தார்கள். பொதிமாட்டில் சாமான் கட்டித் தோட்டம் தோட்டமாகப் போகிறவர். யாருக்கும் அஞ்சுகிறவர் அல்ல.

"நான் வித்தது வெறுங் கோட்டு. அதுக்குள்ள தொரைய வெச்சது இந்த மகன்தான்" என்று பழனியாண்டியைக் கை காட்டிவிட்டு, போகிற போக்கில் அவன் காதில், "நல்லா வெச்சீங்க மகன்" என்று சொல்லிப் போனார்.

மேசைக்குப் பின்னால் இரண்டு துரைமார். ஒருவர் தலைவர், நரைத்த மீசைத் துரை. பக்கத்தில் மூக்குக்கண்ணாடித் துரை; நாடகக் கலையைக் கரைத்துக் குடித்தவராம். சற்றுத் தள்ளி ஒரு கதிரையில் மொட்டப்பாறைத் துரை, மானம் காயம்பட்ட முகத்தோடு. துரைமார் பேசுவதைத் தமிழாக்க யாழ்ப்பாணத்துத் தனபாலன் முதலியார் நின்றார். துரை பேச்சு என்றால் அவர் வாயில் புத்தகத் தமிழ். மற்ற நேரம் ஊர்ப் பேச்சு.

மூக்குக்கண்ணாடித் துரை எழுந்தார். முதலியார் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார்:

"கனவான்களே! நாடகம் என்பது நீளமாக இருக்க வேண்டும். நீளமான நாடகத்தில் நாம் அவமதிக்கப்பட்டால், அதைக் கண்டுபிடித்து, நம்மிடையே ஆலோசித்து, எழுந்து வெளியேறப் போதிய அவகாசம் கிடைக்கும். இந்தக் குட்டை நாடகமோ நாம் கோபிக்கத் தீர்மானிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. இது கலை அல்ல, பதுங்கியிருந்து அடிப்பது. மேலும் இதைப் பார்க்கத் தூக்கம் கெடுவதில்லை, வேலை கெடுவதில்லை. ஆகவே இதை எந்தச் சட்டத்தாலும் பிடிக்க முடியாமல் இருக்கிறது. இதுவே இதன் ஆபத்து."

தலைவர் தலையசைத்தார். நாடகத்தைப் பாராமல் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல என்றார். பார்த்தால் சபையின் கண் முன்னாலேயே குற்றம் நடக்கும், அதைப் பார்த்திருந்தவர்களும் குற்றவாளிகள் ஆவார்கள் என்றார் மூக்குக்கண்ணாடி. நெடுநேரம் யோசித்து, துரையை மட்டும் நீக்கிவிட்டு நடிக்கட்டும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

"பழனியாண்டி, நீ அங்காலை நில்லு" என்றார் முதலியார். "துரை இல்லாமல் செய்யட்டாம்."

ராஜலிங்கம் வெறுங்காற்றைப் பார்த்துச் சலாம் போட்டு, "முனியன் தொரை, செத்துட்டான்" என்றான். காற்று பதில் சொல்லவில்லை. அவன் காத்திருந்தான்.

தலைவர் முகம் சுளித்தார். "கங்காணி என்பவர் இந்த நாட்டுக் கோப்பித் தொழிலின் தூண். அவர் இல்லாவிட்டால் ஆட்களைக் கடன் வைத்துக் கட்டி அக்கரையிலிருந்து கொண்டுவருவது யார்? அவரை இப்படி முழிக்கவைத்துக் காட்டலாகாது. நீக்குக."

ராஜலிங்கமும் பழனியாண்டி பக்கத்தில் வந்து நின்றான். பிணம் மட்டும் கிடந்தது. துரைமார் பிணத்தை நெடுநேரம் பார்த்தார்கள். கறுப்பையா நல்ல நடிகன். ஈ மொய்த்தும் அசையவில்லை.

"இது மிக நன்றாக இருக்கிறது" என்றார் தலைவர். "அமைதி, அடக்கம். கூலிகள் கற்றுக்கொள்ள நிறைய உண்டு."

"ஆனால் படுத்திருக்கிறானே" என்றார் மூக்குக்கண்ணாடி. "படுத்திருப்பது நல்ல உதாரணமா? அதோடு, தோட்டத்தில் ஒருவன் செத்துக் கிடப்பதாகக் காட்டுவது உண்மைக்கு விரோதம். இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் எவரும் சாவதில்லை. சாகக்கூடியவர்களை நாம் முன்கூட்டியே ரோட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ரோட்டில் சாகிறவர்கள் ரோட்டுக் கணக்கு. நமது அறிக்கைகள் இந்த விஷயத்தில் மிகச் சுத்தமானவை."

மூக்காயி கதவோரம் பிள்ளையோடு நின்றாள். முதலியார் இதைத் தமிழில் சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியவர்போல் ஒருதரம் செருமினார்.

"பிணம் உயிரோடு எழுந்து நிற்கட்டும்" என்று தலைவர் உத்தரவிட்டார்.

கறுப்பையா எழுந்து நின்றான். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டான்.

"வசனம்?" என்றார் மூக்குக்கண்ணாடி.

"வேண்டாம்" என்றார் தலைவர். "வசனத்தில்தான் எல்லாம் கெட்டது."

இப்படியாக நாடகம் திருத்தி முடிக்கப்பட்டது. ஒருவன் நிற்பான். நாடகத்தில் வாய் திறந்து பேசுவது குற்றம். இது குற்றமற்றது, ஒழுக்கம் வளர்ப்பது, போதிய நீளமும் உடையது என்று சபை கண்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் அல்லவா? எல்லாத் தோட்டங்களிலும் இதை நடத்த வேண்டும். கூலிகள் கட்டாயம் வர வேண்டும். இது களிப்பு ஆகையால் கட்டாயம் சிரிக்க வேண்டும். சிரிக்காதவனுக்கு அரைப் பேர். நடிகனுக்கு ஊக்கமாகத் துரைமார் சிறு சன்மானம் எறிய வேண்டும்.

*

இனி பழனியாண்டியின் முறை. மூக்காயி வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

"அந்த வசனத்தைச் சொன்னவன் கடூழியச் சிறைக்கு உரியவன்" என்றார் தலைவர். "ஏனெனில் அது பொய். ஒரு துரை அப்படிக் கேட்பாரா? செத்தவனைப் பார்த்து, யாரைக் கேட்டுச் செத்தாய் என்று? மனிதனாகப் பிறந்த எவனும் கேட்கமாட்டான். மூடன்கூடக் கேட்கமாட்டான். துரைகளை மூடர்களாகக் காட்டிய குற்றம் இது."

பழனியாண்டி முதலியாரிடம் மெதுவாகக் கேட்டான். "கடூழியம்னா என்னாங்கய்யா?"

"விடியக்காலமை எழுப்பிப்போடுவினம். இருட்டும் மட்டும் கல்லுடைக்க வேணும். இடைக்கிடை அடியும் விழும்."

"அதத்தானே இப்பவும்..."

மூக்காயி கதவோரத்திலிருந்து கண்ணை உருட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அப்போது மொட்டப்பாறைத் துரை கதிரையை விட்டு எழுந்தார். முகம் கோப்பிப் பழம்போல் சிவந்திருந்தது.

"தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். அப்படிக் கேட்டவன் நான்."

முதலியார் மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று தடுமாறி, பழக்க தோஷத்தில் மொழிபெயர்த்துவிட்டார்.

"நான் மூடனல்ல" என்றார் மொட்டப்பாறைத் துரை. "அது மிகவும் நியாயமான கேள்வி. வேலையை விட்டு நீங்குகிற கூலி ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த ஆள் அறிவித்தானா? இல்லை. மேலும் காலையில் அவன் கண்டிக்கு நடந்து போக நான் ஏற்பாடு செய்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் அவன் கதை கலஹா ரோட்டில் முடிந்திருக்கும். அவனோ எனது உத்தரவை மீறி, எனது லயத்தில் செத்து, எனது அறிக்கையைக் கெடுத்தான். நான் கேட்டது தப்பா?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி கோட்டைப் பார்த்தார்.

"அப்படியானால்," என்று தலைவர் மீசையை ஒதுக்கினார், "வசனம் பொய்யல்ல. பொய்யல்லாததால் அவதூறு அல்ல. இவன் செய்தது அனுமதியின்றி உண்மை பேசியது. அதற்குரிய தண்டனையைச் சட்டம் எழுதினவர்கள் மறந்திருக்கிறார்கள். எழுதும்வரை இவன் போகலாம். ஆனால் ஒன்று: இவன் வாயிலிருந்து அந்த வசனம் இன்னொரு தரம் கேட்டால் சிறைதான். நடந்த அவமானத்துக்கு ஈடாகக் கோட்டு சபையின் காவலில் இருக்கட்டும்."

வெளியே வந்ததும் பழனியாண்டி கேட்டான்: "என்னா புள்ள நடந்துச்சு?"

"ஒன்னைய விட்டுட்டாங்க. கோட்டப் புடிச்சு வச்சுக்கிட்டாங்க" என்றாள் மூக்காயி. சிறிது தூரம் நடந்த பிறகு, "எங்க அண்ணன் ரோட்டுல சாகாம, எங்க மடியில செத்தான். அதுதான் குத்தமாம்" என்றாள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புத் தளத்தில் திருத்திய நாடகம் அரங்கேறியது. தப்பு அடித்துக் கூட்டினார்கள். சிரிக்காதவரைக் குறித்துக்கொள்ளக் கணக்கப்பிள்ளை வந்திருந்தார். துரை கதிரை போட்டு உட்கார்ந்தார்.

கறுப்பையா வந்து நின்றான்.

சனம் பார்த்தது. அவன் நின்றான். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தது. கணக்கப்பிள்ளை பென்சிலைத் தட்டி, "சிரிங்க" என்றார். "ஹி" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அது பாதியில் அறுந்தது. முன்வரிசையில் பழனியாண்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உத்தரவில் சன்மானம் எழுதியிருந்தது அல்லவா? துரை நினைவு வந்தவராய் ஒரு சுருட்டை எடுத்து எறிந்தார். இந்தத் தரம் முழுச் சுருட்டு.

ராஜலிங்கம் எடுத்துக் கண்ணில் ஒற்றினான். கூவினான். கறுப்பையா மூன்று தரம் கும்பிட்டு, துரை முகத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். கடைசி வசனத்தைச் சொல்ல வேண்டும். நாடகத்தில் வசனமே கிடையாது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். முறையும் தவறக்கூடாது, சட்டமும் தவறக்கூடாது. மொத்தச் சனமும் பழனியாண்டியைப் பார்த்தது. அவன் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினான். விரல் சந்தில் கண்ணீர் வழிந்தது.

பெண்கள் பக்கமிருந்து மூக்காயி எழுந்தாள். இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஏங்க கங்காணி," என்று ராஜலிங்கத்தைக் கேட்டாள், "இவன் போன வாரம் செத்துக் கெடந்தவன்தானே? இப்ப நிக்கிறானே. யாரைக் கேட்டு எந்திரிச்சான்?"

அப்புறம் தளம் அதிர்ந்தது. கிழவிகள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். நின்ற பிணம் சிரிப்பு தாங்காமல் மறுபடி தரையில் விழுந்தது. விழுந்ததைப் பார்த்து, "இப்ப யாரைக் கேட்டு விழுந்தான்?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "அரைப் பேரு போடுங்க!" என்றது இன்னொன்று. மலை முழுவதும் கேட்டிருக்கும்.

துரை கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். "என்ன சிரிப்பு? நிறுத்து!"

கணக்கப்பிள்ளை உத்தரவை விரித்துப் பார்த்தார். வாய் திறந்து பேசக்கூடாதவன் நடிகன். பார்க்கிறவர்களைப் பற்றி அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நிறுத்தினா அரைப் பேரு போடணும் தொரை" என்றார் பணிவாக. பிறகு தம் பெயருக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவரும் சிரித்தார். பயத்தில் தொடங்கினது போகப் போக நிஜமாயிற்று.

மழை இறங்கியது. யாரும் எழுந்து ஓடவில்லை. மூக்காயி மட்டும் நின்றபடியே, சிரிக்காமல், துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அரைப் பேர் எழுதக் கணக்கப்பிள்ளை பென்சிலைத் தேடினார். அது எந்தச் சிரிப்பில் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.